கையை மறைத்தவன்

பில்லியட் அறைக்குள் தியாகராசா செருப்புப் போடக்கூடாது. மெம்பர்மார் சப்பாத்தோடு மேசையைச் சுற்றி வரலாம், சுருட்டுச் சாம்பலை நினைத்த இடத்தில் தட்டலாம். மேசையைப் பார்த்துப் புள்ளி குறிக்கிற மாக்கர் வெறுங்காலோடுதான் நிற்கவேண்டும். இதை யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எங்கள் பெரிய மனிதர்கள் எழுதி ஒட்டியதை மறந்தாலும் எழுதாததை மறக்கமாட்டார்கள்.

காங்கேசன்துறையில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கிளப்பை வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்கென்று கட்டினார்கள். அவர்கள் கப்பலேறிப் போனபின் வழக்குப் பேசும் புரொக்டர்மாரும் டொக்டர்மாரும் வந்து அதே பிரம்பு நாற்காலிகளில் இருந்தார்கள். நாற்காலிகளுக்கு வித்தியாசம் தெரிந்திராது. காலையில் தியாகராசா மேசையின் பச்சைத் துணியைத் தூரிகையால் ஒரே பக்கமாக இழுத்துவிடுவான். பந்துகளைத் துடைப்பான். கோல்களின் நுனித்தோல் தேய்ந்திருந்தால் உரித்துவிட்டுப் புதிது ஒட்டுவான். பின்னேரம் மெம்பர்மார் ஆடும்போது சுவரோடு நின்று பலகையில் புள்ளி தள்ளுவான். தாகம் என்றால் அவனுக்குச் சோடா உண்டு. போத்திலோடு. கிளாஸில் ஊற்றிக் கொடுக்கமாட்டார்கள்.

அந்த வெறுங்கால்காரனின் கையை வைத்துத்தான் கிளப் தன் மானத்தைக் காப்பாற்றிவந்தது.

துறைமுகத்துக்கு வந்த கப்பல் அதிகாரிகளோ, கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர்மாரோ பின்னேரம் பொழுது போக்கக் கிளப்புக்கு வந்தால், செயலாளர் புரொக்டர் கனகலிங்கம் சிரித்துக்கொண்டு சொல்வார்: "எங்கடை மாக்கரோடை ஒரு கை அடிச்சுப் பாருங்கோவன்." முதல் ஆட்டத்தில் தியாகராசா தோற்பான். கோலைத் திட்டுவான், தலையைச் சொறிவான், வந்தவரை "ஐயா என்ன கை இது!" என்று புகழ்வான். வந்தவருக்குத் தலை கனக்கும், பந்தயம் ஏறும். அதற்குப் பிறகு தியாகராசா வாய் பேசாமல் ஆடுவான். மூன்று பந்துகளும் அவன் வளர்த்த கோழிகள்போலச் சொன்ன இடத்துக்குப் போகும். வந்தவர் போனபின், கனகலிங்கம் அவனுடைய முகத்தைப் பார்க்காமல் அவனுடைய சேட்டுப் பைக்குள் எதையாவது வைப்பார். சவாரி மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைப்பதும் இப்படித்தான்.

இதற்குக் கரையில் பெயர் இருந்தது: கையை மறைக்கிறது.

கரைச் சனத்துக்குக் கிளப்புக்குள் இடமில்லை. ஆனால் கடற்பக்கத்து ஜன்னல்களுக்கு வெளியே நின்று பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆண்கள் நின்று பார்த்தார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போனால் கதை எழும்பும். பார்த்துப் பார்த்து ஆண்களுக்கு ஒரு பாடம் பிடிபட்டது. தியாகராசா பிழைவிட்டால் அவன் பக்கம் பந்தயம் கட்டு. மோசமாகப் பிழைவிட்டால் கூடக் கட்டு. சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த செபநாயகம்தான் கட்டுவதை வாங்கி வைப்பவன். இருபக்கத்துக்கும் நியாயமானவன் என்று பெயர். கரையில் ரொக்கம் தங்குவதில்லை, ஆகவே சனம் சாமான் கட்டும். ஆட்டம் நடக்கும் நாளில் செபநாயகத்தின் கடைக்குள் சைக்கிள்களும் றேடியோவும் கைமணிக்கூடுகளும் கலியாண வீட்டுப் பரிசுபோல நிரையாக இருக்கும்.

மாத் தட்டுப்பாட்டில் பாண் ரொட்டிக்கு விடியமுன்னமே கூட்டுறவுச் சங்கக்கடையில் வரிசை நின்ற வருஷம் அது. புரட்டாசி. தென்மேற்குச் சோளகக் காற்று ஓய்ந்து கடல் எண்ணெய் பூசினதுபோலக் கிடந்தது. வாடை தொடங்கினால் வடகடலில் தொழில் படுத்துவிடும், அதற்குள் உழைத்தால் உண்டு. சோமசேகரம் அந்த அவசரத்தில் இருந்தான்.

அவன் தியாகராசாவின் மனைவி நாகேஸ்வரிக்குத் தமையன். தகப்பன் கடலில் போனபின் தங்கச்சியை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவன். அவனிடம் ஒரு வள்ளம் இருந்தது. மீன்பிடிச் சங்கத்தில் பெயர் பதிந்து, வருஷக்கணக்காக அலைந்து, அந்த வள்ளத்துக்கு ஒரு எஞ்சின் எடுத்திருந்தான். தொழில் முடிந்து வந்தால் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், நல்ல தண்ணீரில் கழுவி, சாக்கால் மூடிவைப்பான். அதை மூடுகிற பக்குவத்தில் தன்னை ஒருநாளும் போர்த்திவிட்டதில்லை என்று அவன் மனைவி கமலாவதி சொல்லுவாள்.

ஒரு பின்னேரம் அவர்கள் இருவரும் நாகேஸ்வரி வீட்டுக்கு வந்தார்கள். நாகேஸ்வரி பனங்கிழங்கு ஒடியல் மாக் கரைத்துக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நண்டும் பயற்றங்காயும் மரவள்ளியும் உள்ளே வெந்துகொண்டிருந்தன. ஆளுக்கொரு பிலா இலையைக் கோலிக்கொண்டு அடுப்படி வாசலில் இருந்தார்கள்.

"மச்சான், ஞாயிற்றுக்கிழமை உன்னோடை விளையாடக் கொழும்பிலையிருந்து ஒருத்தன் வாறானாம்?" என்றான் சோமசேகரம்.

"ஓம். கனிசியஸ் எண்டு பேர். அங்கை பெரிய கிளப்பொண்டிலை மாக்கர்."

"அவனும் உன்னை மாதிரி வெறுங்காலோ?"

"சப்பாத்து, கோட்டு. அவன் விளையாடினால் சனம் ரிக்கற் எடுத்துப் பாக்குதாம்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை அவன்ரை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு அனுப்பு."

தியாகராசா சிரித்தான். கூழை ஊதிக் குடித்தான்.

"உங்களுக்கு இன்னும் ரெண்டு நண்டுக்கால் போடட்டே?" என்று நாகேஸ்வரி கேட்டாள். அவன் இலையை நீட்டினான்.

"மச்சான், நான் எஞ்சினைப் பந்தயத்திலை வைக்கப்போறன்," என்றான் சோமசேகரம்.

கமலாவதி இலையைக் கீழே வைத்தாள். "பாத்தியே மச்சாள், இதுக்குத்தான் என்னையும் இழுத்துக்கொண்டு வந்தவர். எஞ்சினை வைக்கிறதெண்டால் என்னையும் சேத்து வையுங்கோ."

"உன்னை ஆரடி எடுப்பான்? தோத்தவன் தலையிலை கட்டிப்போட்டுப் போவான்."

"சிரியாதையுங்கோ. அந்த எஞ்சின் இல்லாட்டி என்னத்தைத் தின்னுறது? கிளப்புச் சுவரையோ?"

"எடியேய், இவன் எப்ப தோத்தவன்? கொழும்புக்காரங்கள் கனிசியஸிலை கண்மண் தெரியாமல் கட்டுறாங்களாம். புரொக்டரின்ரை கார் டிறைவர் செபநாயகத்திட்டை வந்து சொன்னவன், என்ன வந்தாலும் அந்தப்பக்கத்துக்கு எதிர்ப்பந்தயம் எடுக்க ஆள் இருக்கெண்டு. வெண்டால் நைலோன் வலை எடுக்கலாம். வாடைக்கு முன்னம் ஒரு பாடு பாத்திடலாம்." அவன் திரும்பினான். "என்ன மச்சான், பேசாமல் இருக்கிறாய்?"

"நான் என்னத்தைச் சொல்ல? விளையாட்டெண்டால் விளையாட்டுத்தானே."

"ஆ! கேட்டியளே? இவன் இப்பிடி இழுத்தால் வெல்லுவான். வெல்லுவன் எண்டு சொன்னால்தான் பயப்பிடவேணும்."

எல்லாரும் சிரித்தார்கள். கமலாவதியும் சிரித்துவிட்டாள். நாகேஸ்வரி மட்டும் புருசனைப் பார்த்து, "நல்லாச் சொல்லுங்கோ. அண்ணை வைக்கட்டோ, வேண்டாமோ?" என்றாள்.

தியாகராசா நண்டுக்காலைக் கடித்து உடைத்தான். "வைக்கட்டன்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப்பின் முன்னால் கார்கள் நின்றன. கனிசியஸ் மெலிந்த மனிதன், மரியாதையானவன். தியாகராசாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். கரைச் சனம் இதை ஜன்னலுக்கூடாகப் பார்த்து ஆளையாள் இடித்துக்கொண்டது. ஆட்டம் இரண்டு பாதி. பகல் வரைக்கும் ஒன்று, சாப்பிட்டபின் மற்றது. முடிவில் யார் கூடப் புள்ளி எடுத்திருக்கிறானோ அவன் வென்றவன்.

நாகேஸ்வரி தமையன் வீட்டு முற்றத்தில் கமலாவதியோடு கருவாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். முதுகால் கீறி, குடல் எடுத்து, உப்பை உள்ளே திணித்து, ஓலைப்பாயில் பரப்பவேண்டும். காகம் வரும். கமலாவதி ஒரு கையால் வெட்டி ஒரு கையால் கல்லெறிவாள். கிளப் பக்கமிருந்து காற்றோடு சத்தம் வரும்போது இருவரும் கத்தியை நிறுத்திக் கேட்பார்கள். வழியால் போகிறவர்களிடம் கமலாவதி வேலிக்கு மேலால் கேட்டாள்.

"என்ன மாதிரிப் போகுது?"

"உங்கடை ஆள் படுமோசமா விடுறார் அக்கா!" என்று ஒருவன் சந்தோசமாகக் கத்தினான். "சும்மா கிடந்த சிவப்புப் பந்தை விட்டிட்டார். என்ன நடிப்பு!"

இன்னொருவன் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்திக்குப் போனான். திரும்பி வரும்போது நடந்து வந்தான். அவனும் சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

இதைத்தான் நான் இன்றைக்கும் ஆறமாட்டாமல் நினைப்பது. ஒரு மனிதன் கண்முன்னே தோற்றுக்கொண்டிருக்கிறான். உலகத்தில் வேறு எந்த ஊர்ச் சனம் என்றாலும் பயந்து பின்வாங்கியிருக்கும். எங்கள் சனம் அவன் பிழைவிடப் பிழைவிடப் போய்க் கட்டிற்று. மனைவியின் காப்பைக் கழற்றிக் கட்டினவனும் உண்டு. முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. ஆனால் அவர்களை அப்படிப் படிப்பித்தவன் உள்ளே கோலைத் திட்டிக்கொண்டு நின்றான்.

பகல் ஆட்டம் நின்றபோது தியாகராசா வெகுதூரம் பின்னால் இருந்தான். நாகேஸ்வரி சாப்பாட்டுப் பெட்டியோடு கிளப்பின் பின்கேற்றுக்குப் போனாள். மெம்பர்மார் உள்ளே கோழி சாப்பிட்டார்கள். கனிசியஸுக்கும் அங்கே கதிரை போட்டிருந்தார்கள். தியாகராசா பின்வளவு வேம்புக்குக் கீழே குந்தியிருந்து அவள் கொண்டுவந்த குரக்கன் புட்டையும் மீன் சொதியையும் குழைத்தான்.

அவள் வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் கமலாவதி மூச்சு வாங்க ஓடிவந்து கேற்றடியில் நின்றாள். உள்ளே வரவில்லை. கையைக் காட்டி மச்சாளைக் கூப்பிட்டாள்.

"உன்ரை அண்ணை வள்ளத்தையும் வைக்கப் போறாராம். வலையோடை. டிறைவர் அந்தப்பக்கத்துக்கு எடுக்கிறன் எண்டு நிக்கிறான். நான் சொன்னால் கேக்கிறாரில்லை. உன்ரை மனுசனிட்டை ஒரு சொல்லுக் கேட்டு வா. அவர் வேண்டாமெண்டால் நான் காலைப் பிடிச்செண்டாலும் மறிப்பன்."

நாகேஸ்வரி வேம்படிக்குத் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ. அண்ணை வள்ளத்தையும் வைக்கப்போறாராம். மச்சாள் வாசலிலை நிண்டு அழுறா. என்ன சொல்ல?"

தியாகராசா வாய்க்குள் இருந்ததை மென்று விழுங்கினான். கிளப் ஜன்னலைப் பார்த்தான்.

"நான் இன்னும் கையைத் திறக்கேல்லை எண்டு சொல்லு."

"வைக்கச் சொல்லட்டோ?"

"கையைத் திறக்கேல்லை எண்டு சொல்லு. கொண்ணைக்கு விளங்கும்."

அவள் போய் அப்படியே சொன்னாள். கமலாவதியின் முகம் தெளிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்திப்பக்கம் போனாள்.

பகலுக்குப் பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. தியாகராசா வாய் பேசாமல் ஆடத் தொடங்கினான். புள்ளி கிடுகிடுவென்று ஏறிற்று. ஜன்னலடியில் விசில் அடித்தார்கள். ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினான். கனிசியஸை எட்டிப் பிடிக்க இன்னும் கொஞ்சம்தான் என்றபோது, சிறுபிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழக்கூடிய பந்தைத் தியாகராசா விட்டான். சனம் சிரித்தது. கனிசியஸ் வந்து ஆடினான், ஆடினான், ஆடிக்கொண்டே இருந்தான். சனம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. முடிந்தது என்று மணியை அடித்தபோதுகூடச் சிலருக்கு விளங்கவில்லை. "இனித்தானே கையைத் திறப்பான்?" என்று ஒரு கிழவர் பக்கத்தில் நின்றவனைக் கேட்டார்.

திங்கட்கிழமை டிறைவர் இரண்டு பேரோடு வந்து எஞ்சினைத் தடியில் கட்டித் தூக்கிக்கொண்டு போனான். கமலாவதி அதை மூடியிருந்த சாக்கையும் எடுத்து அவர்களுக்குப் பின்னால் எறிந்தாள். வள்ளத்தையும் வலையையும் மயிலிட்டி முதலாளி ஒருவர் டிறைவரிடம் வாங்கினார். அவருக்கு ஆள் தேவைப்பட்டது. சோமசேகரம் தன்னுடைய வள்ளத்தில் கூலிக்குப் போனான்.

அவன் யாரையும் நோகவில்லை. ஞாயிறு பொழுது படமுன்னமே தங்கச்சி வீட்டுக்கு வந்தவன், வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த தியாகராசாவின் தோளில் கையைப் போட்டான்.

"மச்சான், எழும்பு. விளையாட்டெண்டால் வெல்லவும் வேணும் தோக்கவும் வேணும். நீ மனசை விடாதை. கை நடுங்கினால் பிறகு ஒருநாளும் அடிக்கேலாது."

நாகேஸ்வரி அதைப் பார்த்து உள்ளே போய் அழுதாள். தமையனுக்காகவும் அழுதாள், புருசனுக்காகவும் அழுதாள். தானும் ஒரு சொல் சொன்னவள்தானே என்று தன்னையும் நொந்தாள். தமையன் வீட்டுக்குப் போகவே கால் கூசிற்று. கமலாவதியைப் பாண் வரிசையில் கண்டபோது, "நான்தானே மச்சாள் வந்து சொன்னனான்," என்று விம்மினாள். கமலாவதி, "நீ என்ன செய்வாய், அவர் சொன்னதைச் சொன்னாய்," என்றாள். ஆனால் பாணை வாங்கிக்கொண்டு இவளுக்காக நிற்காமல் போய்விட்டாள்.

புதன்கிழமை தியாகராசா கிளப்பிலிருந்து வேளைக்கு வந்தான். கையில் கடதாசியில் சுற்றிய ஒரு பொதி. அவிழ்த்தால் கறுப்புச் சப்பாத்துச் சோடி ஒன்று. நிலத்தில் வைத்துவிட்டுக் காலை நுழைத்துப் பார்த்தான்.

"ஆற்றை?" என்றாள் நாகேஸ்வரி.

"என்ரை. கனகலிங்கம் ஐயா எடுத்துத் தந்தவர். நாகேஸ், இதிலை வந்து இரு. ஒரு விசயம் சொல்லவேணும், நீ நல்லாச் சந்தோசப்படுவாய்."

அவள் இருந்தாள்.

"கொழும்பிலை கனிசியஸின்ரை கிளப்பிலை இன்னொரு மாக்கர் வேணுமாம். ஐயா எனக்கு ஒழுங்குபண்ணிப்போட்டார். குவாட்டர்ஸ் இருக்கு. தண்ணிப் பைப் குசினிக்குள்ளையே வருது. இஞ்சை மாதிரி வந்தவன் போனவனுக்கெல்லாம் நடிச்சு விளையாடத் தேவையில்லை. போட்டிக்குப் பேர் போட்டு நோட்டீஸ் அடிப்பினம். எஸ். தியாகராசா எண்டு. நான் என்ரை பேரிலை விளையாடலாம்."

"தோத்த ஆளை ஏன் கொழும்புக்கு எடுக்கினம்?"

அவன் சப்பாத்து நாடாவை இறுக்கினான். "அது... பேச்சு முதலே முடிஞ்சது."

"எப்ப முதல்?"

"ஐயாவும் கிளப்பிலை வேறை ரெண்டு பேரும் கனிசியஸ் பக்கம் கட்டியிருந்தவை. கொழும்புக்காரர் ஒருத்தரும் கட்டேல்லை, அது சும்மா கதை. கனிசியஸுக்கும் ஒண்டும் தெரியாது, அவன் நேரான ஆள். ஐயா என்னைக் கூப்பிட்டு, தியாகு, இந்த ஒரு ஆட்டத்தை எனக்காக விடு, உன்ரை சீவியத்தை நான் பாக்கிறன் எண்டவர்."

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. அவள் எழும்பவில்லை.

"வேம்படியிலை நான் வந்து கேட்டனே."

"நாகேஸ்—"

"அண்ணை வள்ளத்தை வைக்கப்போறார், என்ன சொல்ல எண்டு கேட்டனே. கையைத் திறக்கேல்லை எண்டு என்னைக்கொண்டு சொல்லுவிச்சனீங்களே."

"பகல் ஐயா ஜன்னலடியிலை நிண்டவர். சனம் இடையிலை பயந்திட்டால் எல்லாம் பிழைச்சுப்போம், வேலையும் இல்லையெண்டு சொல்லிப்போட்டார். நான் என்ன செய்ய? ஐயாவுக்கு ஓமெண்டேக்கை, கொண்ணை வள்ளத்தையும் வைப்பார் எண்டு நான் கனவே கண்டனான்? எஞ்சினோடை நிப்பாட்டியிருக்கலாம்தானே?"

"அப்ப அவரிலை பிழை."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. நாலு வருசம் பொறுத்துக்கொள். கொழும்பிலை உழைச்சு ஒரு எஞ்சின் எடுத்துக் குடுப்பம். நானும் எத்தினை காலத்துக்கடி அந்த வெறுங்காலோடை நிக்கிறது?"

அவன் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. அதுதான் கொடுமை. அவன் வெறுங்காலோடு நின்ற அவமானம் பொய்யில்லை. அந்த அவமானத்தைத் தந்தவரின் பையை நிரப்பித்தான் அவன் அதிலிருந்து வெளியே வந்தான். நிரப்பியது தன்னைத் தோளில் தட்டித் தேற்றியவனின் சோற்றால்.

"அண்ணைக்குச் சொல்லுங்கோ," என்றாள் நாகேஸ்வரி.

"விசரே உனக்கு? என்னைக் கொண்டுபோடுவாங்கள். உன்ரை தாலிக்குத்தான் கேடு."

அவள் எழும்பினாள். சோற்றுப்பானையை இறக்கினாள். அடி பிடித்திருந்தது.

சனிக்கிழமை பகல் சோமசேகரம் ஒரு கோர்வை விளைமீனோடு வந்தான். கூலியோடு அவனுக்குக் கிடைத்த பங்கு அது. "தங்கச்சி, வடிவாக் காய்ச்சு. மச்சான் திங்கக்கிழமை பயணமாமே," என்றான். ஊர் முழுக்கக் கதை பரவியிருந்தது. தோற்றுப்போன மாக்கரில் இரக்கப்பட்டுப் புரொக்டர் ஐயா கொழும்பில் வேலை எடுத்துக் கொடுத்திருக்கிறாராம்.

நாகேஸ்வரி மீனை வெட்டிப் பாதியைக் குழம்பு வைத்தாள், பாதியைப் பொரித்தாள். இரண்டு சாப்பாட்டுக் கோப்பையிலும் சோறு போட்டாள். ஆண்கள் இருவரும் எதிரெதிரே பாயில் இருந்தார்கள்.

"நல்ல மனுசன் மச்சான் அந்தாள்," என்றான் சோமசேகரம், சோற்றைப் பிசைந்துகொண்டு. "வேறை ஒருத்தனெண்டால் தோத்தவனைக் கலைச்சுவிட்டிருப்பான். அங்கை போய் ஒழுங்காச் சாப்பிடு. நீ வந்து கூட்டிக்கொண்டு போகுமட்டும் தங்கச்சியை நான் பாத்துக்கொள்ளுவன். என்ரை கையிலை பெலன் இருக்கு, கூலியெண்டாலும் ரெண்டு வீட்டுக்குக் காணும். ஏன், அந்தத் தலைத்துண்டு உனக்குத்தான், எடு."

தியாகராசா தலைத்துண்டை எடுத்தான்.

"அண்ணை," என்றாள் நாகேஸ்வரி. "இவர் தோக்கேல்லை."

"என்ன?"

"தோத்துக் குடுத்தவர். புரொக்டர்தான் அந்தப்பக்கம் கட்டினவர். உங்கடை வள்ளம் அவருக்குத்தான் போனது. அதுக்குத்தான் இவருக்குக் கொழும்பு."

சோமசேகரத்தின் கை சோற்றில் நின்றது. அவன் தங்கச்சியைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். தியாகராசா மெல்லச் சிரித்தான். பந்தை விட்டபின் வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு.

"இவளுக்கு என்னை விட்டிட்டு இருக்கேலாது மச்சான். போகவிடாமல் மறிக்கக் கதை கட்டுறாள்."

"பிள்ளை," என்றான் சோமசேகரம். "புருசனைப் பற்றி இப்பிடிக் கதைக்கிறதே? அந்த மேசைக்கு எத்தினை ஓட்டை எண்டு உனக்குத் தெரியுமே? பொம்பிளையளுக்கு உது விளங்காது."

"எனக்கு மேசையைத் தெரியாது. இவரைத் தெரியும்."

"வாயை மூடு. சாப்பிடுற நேரம்."

தியாகராசா ஒரு பிடி சோற்றை உருட்டினான். நாகேஸ்வரி குனிந்து அவனுக்கு முன்னால் இருந்த கோப்பையை இழுத்து எடுத்தாள். சோற்றையும் தலைத்துண்டையும் முற்றத்தில் கொட்டினாள். காகங்கள் வந்து விழுந்தன.

சோமசேகரம் எச்சில் கையோடு எழும்பிவந்து அவளுடைய கன்னத்தில் அடித்தான். அவளை வளர்த்த காலத்தில்கூட அவன் கை ஓங்கியதில்லை. அவளுடைய முகத்தில் குழம்பும் சோறும் ஒட்டின. அவள் துடைக்காமல் நின்றாள்.

பாயில் இருந்த தியாகராசா எழும்பவில்லை. "விடு மச்சான்," என்றான். "வா, இரு. சோறு ஆறுது."

சோமசேகரம் திரும்பிப் பார்த்தான்.

"உன்ரை பெண்சாதி உன்னைக் கள்ளன் எண்டாள்," என்றான் மெதுவாக. "உன்ரை சோத்தைக் காகத்துக்குக் கொட்டினாள். நான் உன்ரை பெண்சாதிக்குக் கை நீட்டினன். நீ ஒண்டில் அவளுக்கு அடிச்சிருக்கவேணும், இல்லையெண்டால் எனக்கு அடிச்சிருக்கவேணும். ஏன் மச்சான் சும்மா இருக்கிறாய்?"

தியாகராசா விரல்களில் ஒட்டிய சோற்றை ஒவ்வொன்றாக வழித்தான்.

"முருகனாணை இல்லையெண்டு சொல்லு. ஒரு சொல்லுச் சொல்லு, இவளை உன்ரை காலிலை விழப்பண்ணுறன்."

வெளியே காகங்கள் தலைத்துண்டுக்குச் சண்டை பிடித்தன.

"ஐயா சொன்னவர்," என்றான் தியாகராசா, பாயைப் பார்த்துக்கொண்டு, "பிறகு உனக்கும் ஏதும் பாத்துச் செய்யலாமெண்டு."

சோமசேகரம் அடிக்கவில்லை. ஓங்கினால் மச்சான் தாங்கமாட்டான் என்று தெரிந்த பலசாலி அவன். அவனுடைய வாய் ஒரு பக்கம் கோணிற்று, அவ்வளவுதான். அடித்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு தங்கச்சி பக்கம் திரும்பினான். அவளுடைய கன்னத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"பிள்ளை. உடுப்பை எடு. வீட்டை வா."

"நான் ஏன் அண்ணை வரவேணும்?" என்றாள் நாகேஸ்வரி. "நீங்கள் கடலிலை கிடந்து உழைச்சு எனக்குச் சீதனமாத் தந்த வீடு இது. உறுதிப் பத்திரத்திலை என்ரை பேர்தான் கிடக்கு. போறவர் போகட்டும்."

தியாகராசா நிமிர்ந்தான்.

"ரெயில் திங்கக்கிழமைதானே, நாகேஸ்."

"ஸ்ரேசனிலை படுக்கிறதுக்கு வாங்குப்பலகை கிடக்கு," என்றாள் அவள். செம்பை எடுத்து, தமையனின் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.